ஸ்லோ நிக்காத கார்

புத்தளத்தில் ஓடுகிற வாகனங்களைவிட ஓடாத வாகனங்களுக்குத்தான் கதை அதிகம். எங்கட பக்கம் எந்த ஒழுங்கைக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு வீட்டு போர்ட்டிகோவில சாம்பல் நிற கவர் போட்டு மூடின கார் ஒன்று நிற்கும். கவருக்கு மேல வேப்பிலையும் காக்கா எச்சமும். கார்க்காரர் கட்டார்ல, இல்லாட்டி சவூதியில, குவைத்தில. வருஷத்தில் ஒரு மாசம் லீவுல வருவார், அந்த ஒரு மாசமும் கழுவித் துடைச்சி ஓட்டுவார், திரும்பப் போகும்போது கவரைப் போட்டுவிட்டுப் போவார். குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்க காரை மூடி வைப்பாங்க என்று வாசித்திருக்கிறேன். நமக்குப் பனிக்காலம் இல்ல, வளைகுடா இருக்கு.

எங்கட மாமாட காரும் அப்படித்தான். ஜப்பான் தயாரிப்பு, ரெண்டு கதவு, 1.8 லீட்டர் எஞ்சின், நாலு சிலிண்டர், மேனுவல் கியர், தரையோடு ஒட்டின உடம்பு. மொடலின் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அது யார்ட வாகனம், எந்த ஒழுங்கையில நின்டது என்று ஊர்ல பத்து பேர் உடனே சொல்லிவிடுவாங்க. மாமா 2017ல அதை வாங்கும்போது வீட்டில் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. "பிள்ளைகளை ஏத்த பின்சீட்டு இல்ல, வேகத்தடையில அடி தட்டுது, இது என்ன சாமான்?" என்று மாமி கேட்டது இன்னும் ஞாபகம். மாமா சிரித்துக்கொண்டே இருந்தார். பதினாலு வருஷம் வெயிலில நின்டு உழைச்ச மனுஷன் தனக்கென்று வாங்கின ஒரே சாமான் அது.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பழைய கார்களின் விலை மரத்தில் ஏறின மாதிரி ஏறிச்சு. பின்சீட்டு இல்லாத காரைத் திட்டின அதே வீடு, அதை வங்கிக் கணக்கு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது. 2022ல பெற்றோல் வரிசை வந்தபோது இன்னொரு வேடிக்கை. ஜூலையில் கியூஆர் கோட்டா தொடங்கியபோது காருக்கு கிழமைக்கு 20 லீட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. ஓடாத எங்கட காருக்கும் 20 லீட்டர்! அந்த வருஷம் கார் ஓடல்ல, கோட்டா ஓடிச்சு. அந்தப் பயத்தில் மாமா போட்ட சட்டம்தான், டேங்க் எப்பவும் பாதிக்குக் கீழ இறங்கக் கூடாது என்பது. கியூஆர் 2023ல போய்விட்டது. சட்டம் போகல்ல.

போன வருஷம் நோன்புக்கு முன்னாடி மாமா போன் எடுத்தார். "கென்சல்ல வாறேன்." வளைகுடாக் குடும்பங்களுக்கு இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. வேலை முடிஞ்சுது, வீசா முடிஞ்சுது, இனி லீவு இல்ல, ஊர்தான். கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. காரை விற்று, அந்தக் காசில் மீன் வாடிக்குப் பக்கத்தில ஐஸும் பெட்டியும் போடும் சின்ன வியாபாரம் ஒன்று தொடங்குவதாகத் திட்டம். ஆனால் அதே 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். பழைய கார் விலை இறங்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. தாமதிக்க நேரம் இல்லை.

பெருநாள் முடிஞ்ச கிழமை குருநாகலிலிருந்து ஒருத்தர் பார்க்க வந்தார். பெயின்டைத் தடவிப் பார்த்தார், உள்ளுக்குள் இருந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு சாவியைத் திருப்பினார். எஞ்சின் பற்றினது. ஆனா நிற்கல்ல. ஆர்பிஎம் முள் 750ல நிற்கவேண்டிய இடத்தில் 500க்கும் 900க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடிச்சு. ஸ்டியரிங் நடுங்கிச்சு, பின் கண்ணாடியில் தெரிந்த ஒழுங்கையும் சேர்ந்து நடுங்கிச்சு. எக்ஸலேட்டரை மிதித்தால் அமைதி. காலை எடுத்தால் திரும்பவும் குலுக்கம். அவர் இறங்கினார், கதவை மெதுவாகச் சாத்தினார், மாமா சொன்ன விலையிலிருந்து பத்து இலட்சம் குறைத்துக் கேட்டார். "எஞ்சின் இறக்க வேண்டி வரும்" என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல ஏலாது. அந்தக் குலுக்கத்தைக் கேட்டால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

எங்கட மெக்கானிக்மார் ஐட்லிங்கை 'ஸ்லோ' என்றுதான் சொல்லுவாங்க. 'ஸ்லோ நிக்குது இல்ல', 'மிஸ் அடிக்குது'. ரெண்டும் ரெண்டு வருத்தம். ஆனா ஊர்ல ரெண்டையும் ஒன்றாகத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். முதல் கராஜில் நடந்தது அதுதான். ஸ்கேனர் போட்டார்கள், கோட் ஒன்றும் வரவில்லை. "கம்பியூட்டர்ல பிழை இல்ல. அப்ப கொயில்தான்" என்றார்கள். மச்சான் பஞ்சிகாவத்தைக்குப் போய் பாவித்த கொயில் நாலு கொண்டு வந்தான். அறுபதாயிரம். பிளக்கும் புதிது. பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் அதே ஊஞ்சல். அடுத்ததாக "ஹெட்டைக் கழட்டிப் பார்ப்பம்" என்றார்கள். அந்த இடத்தில்தான் உம்மா என்னைப் பார்த்தா. "நீ படிச்ச படிப்பு இதுக்குத்தானே? ஒருக்கா பாரேன்."

நான் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் செய்தவள். அந்தத் துறை நம்ம பாடசாலைகளுக்கு 2013லதான் வந்தது, இப்பவும் வகுப்பில் பொம்பளப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணலாம். போர்ட்டிகோவில பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது ஒழுங்கையில் போன மூன்று பேர் "வாப்பா வீட்டில இல்லையா மகள்?" என்று கேட்டார்கள். இருந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க, ஸ்லோவில் எஞ்சின் என்ன செய்கிறது? நம்ம கால் எக்ஸலேட்டரில் இல்லை. த்ரொட்டில் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சின்ன ஓட்டையால் மூச்சு விடுவது மாதிரி. நம்ம காரில் த்ரொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கு, அதுதான் ஸ்லோவுக்கான காற்றை அளவாக விடும். உள்ளே வரும் காற்றை ஒரு சென்சர் அளக்கும், அந்த அளவுக்கு கம்பியூட்டர் பெற்றோல் ஊற்றும். இந்த அளவு எஞ்சினுக்கு ஸ்லோவில் ஒரு செக்கனுக்கு ரெண்டு மூன்று கிராம் காற்றுதான் போகும். கணக்கு அவ்வளவு சின்னது. அதில் அரைக் கிராம் பிழைத்தாலும் எஞ்சினுக்குப் பெரிய பிழை. மிதித்து 2500க்குக் கொண்டு போனால் காற்று பல மடங்கு கூடும், அரைக் கிராம் காணாமல் போய்விடும். மிதித்தால் அமைதி, விட்டால் குலுக்கம் என்பதை நான் அதனால்தான் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். கொயில் பழுதென்றால் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும். ஏற்றத்தில், பாரத்தில், மிதிக்கும்போதுதான் அதிகம் மிஸ் அடிக்கும்.

இன்னும் ஒரு சோதனை, காசு செலவில்லாதது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் வயர் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒரு சிலிண்டர் ஏற்கனவே செத்திருந்தால், அதைக் கழற்றும்போது ஒரு மாற்றமும் வராது. நல்ல சிலிண்டரைக் கழற்றினால் எஞ்சின் தடுமாறும். நாலையும் பார்த்தேன். நாலுக்கும் ஒரே அளவு தடுமாற்றம். அதாவது நாலு பேரும் வேலை செய்கிறார்கள், நாலு பேருக்கும் ஒரே வருத்தம். தனித்தனி உறுப்பில் பிழையைத் தேடுவதில் அர்த்தம் இல்லை, எல்லாருக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். பெற்றோல், காற்று, கரண்ட் வரும் பாதை.

பெற்றோலில் தொடங்கினேன். டேங்க் மூடியைத் திறந்து மணந்து பார்த்தால் பெற்றோல் வாசம் இல்லை, பழைய வார்னிஷ் வாசம். கடைசியாக மாமா அடித்து பதினாலு மாசம். பெற்றோல் என்பது ஒரே ஒரு திரவம் இல்லை, பல திரவங்களின் கலவை. இலேசாக ஆவியாகிறவைதான் எஞ்சினைச் சட்டென்று பற்ற வைக்கும். அவைதான் முதலில் பறந்து போகும். மிச்சம் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகும். நம்ம வெக்கையில் அது இன்னும் சீக்கிரம். அந்தப் பிசின் இன்ஜெக்டரின் நுனியில் போய் ஒட்டும்.

இதை எனக்கு முதலில் சொல்லித் தந்தது பாடப் புத்தகம் இல்லை. கல்பிட்டியில இருக்கும் எங்கட மூத்தம்மாட தம்பி, படகு வைத்திருக்கும் சம்மாட்டி. வாடைக்காற்று, சோளகக்காற்று மாறும்போது படகு மாசக்கணக்கில் கரையில் கிடக்கும். கரையேற்றும் முன் அவர் செய்வது ரெண்டே வேலை. எஞ்சினுக்கு நல்ல தண்ணி காட்டி உப்பைக் கழுவுவார். பிறகு எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும் வரைக்கும் ஓட விடுவார். காபரேட்டருக்குள் சொட்டு எண்ணெய் மிஞ்சக் கூடாது. "மிஞ்சினா அடுத்த சீசனுக்கு ஊசியால குத்தி எடுக்கோணும்" என்பார். கார் வைத்திருக்கும் நம்ம ஆட்களுக்குத் தெரியாதது கடல்காரருக்குத் தெரியும்.

டேங்கை வடித்தோம். முப்பது லீட்டருக்குக் கிட்ட, தேத்தண்ணி நிறத்தில். (வாயால் உறிஞ்சி எடுக்காதீங்க, பெற்றோல் நெஞ்சுக்குள் போனால் கதை வேறு. கையால் அமத்தும் பம்ப் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் இருக்கு. திறந்த வெளியில், அடுப்பு, சிகரட் இல்லாத இடத்தில் செய்யுங்க.) புதிய 95 ஊற்றி, ஃபியூல் ஃபில்டரையும் மாற்றினோம். ஸ்டார்ட் ஆவது சட்டென்று நல்லாயிற்று. குலுக்கம் அப்படியே.

அடுத்தது கரண்ட். எங்கட வீட்டிலிருந்து களப்பு கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் உப்பளம். மே மாசத்தில் காற்று தொடங்கினால் ஜன்னல் கம்பியில் விரலை வைத்து நாக்கில் வைத்துப் பாருங்க, உப்புக் கரிக்கும். அதே காற்று பொனட்டுக்குள்ளும் போகிறது. பெட்டரியின் நெகட்டிவ் வயர் பொடியில் பூட்டியிருக்கும் இடத்தையும், எஞ்சினிலிருந்து பொடிக்கு வரும் ஏர்த் வயரையும் கழற்றினேன். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தது. எமரி தாளால் தேய்த்து, செம்பு மினுங்கும் வரை சுத்தம் பண்ணி, மேலே கிரீஸ் பூசிப் பூட்டினேன். செல்ஃப் அடிக்கும் சத்தமே மாறிச்சு, ஹெட்லைட் பிரகாசமானது. குலுக்கம்? அதே குலுக்கம். உம்மா ஒன்றும் கேட்கல்ல, ஆனா அன்றைக்கு இரவு மாமாவோடு போனில் மெதுவாகப் பேசினா. அடுத்த கிழமை அவருக்கு டிக்கட்.

மிச்சம் காற்று. ஆனால் காற்றுக் கசிவைத் தேடுவதற்கு என்னிடம் சாமான் இல்லை. போத்தலில் தண்ணி நிரப்பி, எஞ்சின் ஓடும்போது ரப்பர் ஹோஸ்கள் மேல் தூவிப் பார்த்தேன். கசியும் இடத்தில் தண்ணி இழுபட்டால் எஞ்சின் சத்தம் மாறும். (கராஜில் இதை காபரேட்டர் கிளீனரால் செய்வாங்க. சூடான எஞ்சின் மேல் அது பற்றக்கூடிய சாமான், வீட்டில் வேண்டாம்.) மேலே தெரிந்த எந்த ஹோஸிலும் மாற்றம் வரல்ல. தெரியாத இடம் நிறைய மிச்சம் இருந்தது.

வாப்பா என்னைத் தில்லையடிப் பக்கம் இருக்கும் ஒரு பாஸ் நானாவிடம் கூட்டிப் போனார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். 1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது பன்னிரண்டு வயது. வாப்பாட லொறி கராஜ், சாமான், எல்லாம் அங்கேயே விட்டு, ஒரு பையோடு இங்கே வந்த குடும்பம். ஆள் அதிகம் பேசமாட்டார். நான் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன், இன்ஜெக்டர் சோதனை வரைக்கும். கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பெட்டரிய கழட்டி வைக்கிறீங்களா?"

கழற்றி வைக்கிறோம். அது மாமாட இன்னொரு சட்டம். வெள்ளிக்கிழமை பெட்டரியைப் பூட்டு, ஸ்டார்ட் பண்ணு, பத்து நிமிஷம் ஓட விடு, நிறுத்து, பெட்டரியைக் கழற்று. தம்பி ஜும்ஆவுக்குப் போவதற்கு முன் கிழமை தவறாமல் செய்வான்.

"அப்ப ஸ்கேன்ல கோட் எப்படி மகள் வரும்?" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திச்சு. கம்பியூட்டர் காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள கணக்கை ஓட ஓடத்தான் படிக்கும். கலவையில் பெற்றோல் குறைவு என்று கண்டால் கொஞ்சம் கூட்டி ஊற்றும், எவ்வளவு கூட்டினேன் என்று நினைவில் வைக்கும். கூட்டிக் கூட்டி ஒரு எல்லையைத் தாண்டினால்தான், அதுவும் ஒரு ஓட்டத்தில் இல்லை, வழமையாக ரெண்டு ஓட்டத்தில் திரும்பத் திரும்பக் கண்டால்தான், கோட் எழுதி லைட்டைப் போடும். நம்ம காரில் பெட்டரியைக் கழற்றினால் அந்த நினைவு முழுக்க அழிந்துவிடும். ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கம்பியூட்டர் புதிதாகப் பிறந்தது, பத்து நிமிஷம் வாழ்ந்தது, ஒன்றும் படிக்காமல் செத்தது. 'பிழை இல்லை' என்று ஸ்கேனர் காட்டியது பிழை இல்லாததால் இல்லை. பிழையை எழுதி வைக்க அதுக்கு அவகாசம் கிடைக்கவே இல்லை.

"பெட்டரியைத் தொடாதீங்க. கல்பிட்டி போய்ட்டு வாங்க. நாளைக்கும் ஒருக்கா போங்க. பிறகு கொண்டாங்க" என்றார். வைத்தியர் மருந்து எழுதுவது மாதிரி.

பாலாவிச் சந்தியில் திரும்பினால் கல்பிட்டி வரைக்கும் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு பக்கம் களப்பு எட்டிப் பார்க்கும், மற்றப் பக்கம் தென்னை, பிறகு நுரைச்சோலைப் புகைபோக்கி, பிறகு வெங்காயத் தோட்டம், காற்றாலை. வாப்பா பக்கத்தில், நான் ஓட்டினேன். மாமாட காரை நான் நான்காவது கியரில் போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்தக் காருக்கு இருக்கும் ஆசையை அன்றைக்குப் புரிந்துகொண்டேன், அதை இங்கே எழுதினால் உம்மா வாசிப்பா. ரோட்டுக்கு நடுவில் நம்ம ஊர்க் கழுதைகள் நாலு நின்று யோசித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்காக நிறுத்தி ஸ்லோவில் வைத்தபோது குலுக்கம் வழமையைவிடக் குறைவாக இருந்தது. "பாத்தியா, ஓடினா சரியாகும் என்டு நான் சொன்னேனே" என்றார் வாப்பா. சரியாகல்ல. கம்பியூட்டர் கசிவுக்கு ஏற்ற மாதிரி பெற்றோலைக் கூட்டப் படித்திருந்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் திரும்பி வரும் வழியில், பாலாவிக்கு கிட்ட, எஞ்சின் லைட் பற்றினது. லைட் பற்றினதுக்கு சந்தோஷப்பட்ட ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

கோட் பி0171. பெற்றோலுக்குக் காற்று கூடிவிட்டது என்று அர்த்தம். பாஸ் நானா ஸ்கேனரில் எண்ணைக் காட்டினார். ஸ்லோவில் கம்பியூட்டர் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் கூடுதலாகப் பெற்றோல் ஊற்றுகிறது. 2500க்கு மிதித்தால் அது ஐந்துக்கு இறங்குகிறது. பெற்றோல் பம்ப் பலவீனமாக இருந்தால் மிதிக்கும்போது அந்த எண் கூட வேண்டும், குறையக் கூடாது. ஸ்லோவில் மட்டும் கூடினால் சென்சருக்குப் பிறகு எங்கேயோ அளக்காத காற்று திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது.

அடுத்தது நான் இதுவரைக்கும் கண்டிராத சாமான். ஒரு பெயின்ட் டின். மூடியில் டீசல் வானின் ஹீட்டர் பிளக் ஒன்று, ரெண்டு குழாய். உள்ளே கொஞ்சம் பேபி ஒயில். பிளக்குக்கு கரண்ட் கொடுத்தால் ஒயில் புகையும். ஒரு குழாயால் மிக மெதுவாகக் காற்று கொடுத்தால் புகை மற்றக் குழாயால் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் நிற்கும்போதே செய்வது. கடையில் இந்த மெஷின் பெரிய விலை, அவர் செய்தது அவராகவே. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு இன்டேக் மெனிஃபோல்டுக்கு அடியிலிருந்து, கையும் கண்ணும் போகாத இடத்திலிருந்து, சாம்பிராணி மாதிரி ஒரு நூல் புகை மேலே வந்தது.

பாஸ் நானா டோர்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தார். எஞ்சினுக்குள் ஊறும் ஒயில் ஆவியைத் திரும்ப இன்டேக்குக்குக் கொண்டு போகும் ரப்பர் ஹோஸ். பி.சி.வி ஹோஸ் என்பார்கள். அதன் வளைவில், கீழ்ப் பக்கமாக, விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே ஒயில் ஆவி ரப்பரை ஊற வைத்து இளக்கும், வெளியே வெக்கை அதைக் காய வைத்து இறுக்கும். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட ரப்பர். அதைக் கழற்றிக் கையில் தந்தார். மடித்தால் பப்படம் மாதிரி நொறுங்கிச்சு. அதே நேரத்தில் ஸ்லோ வால்வையும் கழற்றினார். கரியும் ஒயிலும் சேர்ந்து தார் மாதிரி அடைத்திருந்தது, கசிவு வழியாக வந்த கூடுதல் காற்றைச் சமாளிக்க அது அசைய முயன்றும் அசைய முடியாத நிலை. ஊஞ்சல் ஆடினதுக்கு அதுவும் ஒரு காரணம். கிளீனர் அடித்துத் துடைத்தார். புதிய ஹோஸுக்கு ஆயிரத்து எண்ணூறு, அவர் கூலி ஐயாயிரம். அதையும் வாப்பா வற்புறுத்தித்தான் வாங்கினார்.

ஸ்டார்ட் பண்ணினோம். கொஞ்ச நேரம் 1200, சூடாகி மெல்ல இறங்கி 750. முள் அதில் ஒட்டிக்கொண்டது. பாஸ் நானா எஞ்சின் கவர் மேல் தேத்தண்ணிக் கிளாஸை வைத்தார். தேத்தண்ணி ஆடல்ல.

அந்த ஹோஸ் வேலை முடியும் வரைக்கும் அவர் சொன்ன கதை ஒன்று இருக்கு. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதனால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். சூடான பிறகு மண்ணெண்ணெய். "அந்தக் காரும் ஸ்லோ நிக்காது. காலை எடுத்தா செத்துடும். ஆனா அங்க கராஜ்காரங்க அத நிக்க வெச்சாங்க" என்றார். அவர் அப்போது அங்கே இல்லை, இங்கே முகாமில் இருந்தார். பிறகு போன சொந்தக்காரர் சொல்லித் தெரிந்த கதை. ஆனாலும் 'எங்கட ஊர்ல' என்றுதான் தொடங்கினார்.

கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணுவது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்ம ஊரில் பாதி வீடுகளில் அந்தச் சட்டம் இருக்கு. அது காருக்கு நல்லதில்லை. எஞ்சின் எரியும்போது தண்ணி ஆவியும் உண்டாகும். பத்து நிமிஷத்தில் ஒயில் போதிய அளவு சூடாகாது, அந்தத் தண்ணி ஒயிலுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் தங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூட ஊற்றப்படுவதால் பிளக் கரி பிடிக்கும். ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட்டைக்கூட பெட்டரிக்கு முழுசாகத் திருப்பிக் கொடுக்கும் நேரம் அதில்லை. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் ரோட்டில் ஓட்டுங்க. ஓட்ட ஆள் இல்லையென்றால் அதை சும்மா நிற்க விடுவதே மேல். பெட்டரிக்கு மெல்லச் சார்ஜ் பண்ணும் சின்ன சார்ஜர் ஒன்றைப் பூட்டி விடுங்க. மாமா மாதிரி மாசக்கணக்கில் போகிறவர்கள், போகும் முன் புதிய பெற்றோல் அடித்து, அதுக்கென்று விற்கும் மருந்தைக் கலந்து, கொஞ்ச தூரம் ஓட்டி இன்ஜெக்டர் வரைக்கும் போக விட்டு நிறுத்துங்க. எலி, அணில் கூடு கட்டாமல் பொனட்டை மாசத்துக்கு ஒருக்கா திறந்து பாருங்க. பொனட்டைத் திறக்க ஆம்பளைப் பிள்ளை இருந்தால்தான் ஆகும் என்று இல்லை.

மாமா வந்தார். கட்டுநாயக்காவிலிருந்து வானில் வந்து இறங்கினவர், பெட்டியைக்கூட உள்ளே எடுக்காமல் கவரைத் தூக்கினார். ஸ்டார்ட் பண்ணி, கதவைத் திறந்து வைத்தபடி, ஒரு காலை வெளியே போட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். மாமி பின்னாலிருந்து "சாப்பாடு ஆறுது" என்றா. அவர் கேட்கல்ல. அன்றைக்கு அஸருக்குப் பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு கல்பிட்டி ரோட்டில் போனார். போகும்போது ஒன்றும் பேசல்ல. திரும்பி வரும்போது "விக்கத்தான் வேணுமா மகள்?" என்றார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதில்லை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அம்பத்தொரு வயது, அவர்ட மூத்த மகளுக்கு இந்த வருஷம் உயர்தரம்.

குருநாகல்காரர் திரும்ப வந்தார். சாவியைத் திருப்பிவிட்டு இந்த முறை கீழே இறங்கல்ல, உள்ளேயே இருந்தார். வெடித்த ஹோஸையும் கோட் எடுத்த படத்தையும் போனில் காட்டினேன். மாமா சொன்ன விலைக்கு மூன்று இலட்சம் குறைவாக முடிஞ்சுது. அந்த மூன்றும் எஞ்சினுக்காக இல்லை, சந்தைக்காக. ஐஸ் வியாபாரம் இப்போது நடக்கிறது, மீன் நல்லா படுகிற மாசத்தில் நல்லா, மற்ற மாசத்தில் சுமார். மாமா வாடிக்கு சைக்கிளில் போறார்.

வாங்கினவர் ரெண்டு மாசத்துக்குப் பிறகு ஒருநாள் போன் எடுத்தார். உம்ராவுக்குப் போறாராம், பெட்டரியைக் கழற்றி வைக்கவா என்று கேட்டார். வேண்டாம், சார்ஜர் பூட்டுங்க என்றேன்.

முதல் கராஜில் கழற்றின பழைய கொயில் நாலும் இன்னும் எங்கட வீட்டு அலுமாரியில் பேப்பரில் சுற்றி இருக்கு. நாலும் நல்ல கொயில். யாருக்காவது தேவையென்றால் சொல்லுங்க.